நடுநிலையும் நானூறு ரோல்ஸும்

அன்பு மகனுக்கு,

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டேன் என்று இரண்டு வருடமாக நான் சொல்லித் திரிந்தது பொய். நான் வாசித்தது மொத்தம் மூன்று பக்கம். என் பெயர் போட்டு நன்றி சொல்லியிருந்த பக்கம், அதே பக்கம் இன்னொரு முறை, பிறகு முடிவு நல்லபடியாக வந்ததா என்று பார்க்கக் கடைசிப் பக்கம். கடைசிப் பக்கத்தில் வெறும் பெயர்கள்தான் இருந்தன, பெயருக்குப் பக்கத்தில் நம்பர். சண்டையில் செத்த ஆக்களின் பெயரும் வயதும் என்று நினைத்துக் கொஞ்சம் கவலைப்பட்டேன். ஒருவருக்கு இருநூற்றுப் பதினேழு என்று போட்டிருந்தது. அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளுக்கு, புத்தகத்தின் பின்பக்கத்தில் இப்படிப் பெயரும் பக்க நம்பருமாக ஒரு அட்டவணை போடுவார்கள் என்று ஆர் சொல்லித் தந்தது? கேட்கிற ஆக்களுக்கெல்லாம் "நல்லா எழுதியிருக்கிறான், கொஞ்சம் நீளம்" என்று சொல்லிச் சமாளித்தேன். அது எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும், நீயும் தேவைப்பட்டால் பாவிக்கலாம்.

ஆனால் இப்போது உன் புத்தகம் எனக்கு முழுக்கத் தெரியும். உனக்குத் தெரியாமல் நடந்த காரியம் இது. பத்து ஞாயிற்றுக்கிழமை, நீ நூலகத்தில் இருந்த நேரம், நீ கட்டப்போகிற பிள்ளை ஆரணி, லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் எங்கள் குசினி மேசையில் உட்கார்ந்து எனக்கு அதை வாசித்துக் காட்டினாள். ஒரு பந்தி ஆங்கிலத்தில் வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள். அதற்குள் நான் இறைச்சிக் கறி வைத்து நாலு ரோல்ஸ் சுற்றிவிடுவேன். அமெரிக்கா என்கிற நாடு பிறந்த புதிதில் யாருடைய சண்டையிலும் மாட்டாமல் இருக்க என்ன பாடு பட்டது என்று முந்நூறு பக்கத்தில் நீ எழுதியதை நான் எத்தனை ரோல்ஸுக்குள் கேட்டு முடித்தேன் என்று நீயே கணக்குப் பார். கலியாணத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்குள் உனக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வீட்டில் சொன்னால் "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்றுவிட்டுப் போனைச் சார்ஜில் போடப் போய்விடுவாய். உன் முதல் சனாதிபதி பதவியை விட்டுப் போகும்போது மேடையில் ஏறிப் பேசாமல், பத்திரிகையில்தான் ஊருக்கே ஒரு கடிதம் எழுதினாராம். அந்த மனிசனுக்கும் வீட்டில் இதே பிரச்சினை இருந்திருக்கும் போல. தமிழ்ப் பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு சமையல் குறிப்பு தாங்கோ அக்கா என்று கேட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் இதை எழுதுகிறேன். ரோல்ஸ் செய்முறையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

நான் விளங்கிக்கொண்டது இதுதான், பிழை என்றால் வாசித்துக் காட்டிய ஆரணியோடு சண்டை பிடி. அமெரிக்காவுக்குப் பிரித்தானியா இரத்த உறவு. பாஷை ஒன்று, சாப்பாடு ஒன்று, ஆனால் அடிபட்டுப் பிரிந்த உறவு. பிரான்ஸ் சொந்தமில்லை, ஆனால் அந்த அடிபாட்டில் கப்பலும் படையும் தந்து கைகொடுத்த நாடு. சில வருடம் கழித்து இந்த இரண்டும் தங்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டன. ஒருவர் "நீ என்ரை இரத்தம்" என்கிறார், மற்றவர் "நான் செய்த உதவியை மறந்திட்டியோ" என்கிறார். அமெரிக்கா நடுவில். ஆரணி இந்த இடத்தை வாசித்தபோது நான் கையில் மாவோடு அப்படியே இருந்துவிட்டேன். "என்ன மாமி?" என்றாள். "இது என்ரை அண்ணையும் சித்தப்பாவும் அடிபடுற கதையெல்லோ" என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உன் பெரிய மாமா என் கூடப்பிறந்த அண்ணை, குட்மேய்ஸில் கடை. உன் சித்தப்பா அப்பாவின் தம்பி, தோர்ண்டன் ஹீத்தில் கடை. நாங்கள் சுவிஸை விட்டு இரண்டு சூட்கேஸோடும் கைக்குழந்தையாக உன்னோடும் லண்டனுக்கு வந்தபோது, அண்ணை தன் வீட்டில் இடமில்லை என்றார். சித்தப்பா தன் வீட்டுச் சின்ன அறையைத் தந்தார், பதினாலு மாதம். இரத்தம் ஒரு பக்கம், நன்றி ஒரு பக்கம். நீ அமெரிக்கா போய்க் கடதாசிப் பெட்டிகளைக் கிண்டித் தேடியதெல்லாம் எங்கள் வீட்டு ஹோலில் இருந்தது.

அவர்கள் இருவரும் பேசாமல் விட்டு இரண்டு வருடம். மலர் வாசிக்கிற மற்றவர்களுக்காகக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. கோயில் திருவிழாவில் ஒருநாள் உபயத்தை இருவரும் சேர்ந்து எடுத்தார்கள். பூசை முடிய, உபயகாரரின் கையில் ஐயர் ஒரு தட்டம் கொடுப்பார், தேங்காய், பழம், பூமாலையோடு. காளாஞ்சி. கொடுக்கும் ஒழுங்குதான் மரியாதை. அன்றைக்கு ஐயருக்கு அடுத்த கோயிலுக்கு ஓட வேண்டிய அவசரம், கிட்ட நின்ற ஆளின் கையில் தட்டத்தை வைத்துவிட்டார். கிட்ட நின்றது சித்தப்பா. வயதில் மூத்த பெரிய மாமா தூணுக்குப் பின்னால் நின்று ஷேர்ட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் நடந்தது. "அவன் முன்னுக்குப் பாஞ்சவன்" என்று இவர். "அவர் ஷேர்ட்டை மடிக்க அரைமணித்தியாலம் எடுத்தவர்" என்று அவர். நான் இரண்டு கடைக்கும் ரோல்ஸும் பற்றிஸும் போடுகிறவள். அடுத்த நாளே இருவரும் போன் எடுத்து ஒரே கேள்வி கேட்டார்கள். "இனி அந்தக் கடைக்கும் ரோல்ஸ் போகுமோ?"

நான் சொன்னேன், இருவருக்கும் தருவேன், ஒரே எண்ணிக்கை, ஒரே நீளம், ஒரே உறைப்பு. ஒன்பது வருடம் சுவிஸில் இருந்து வந்தவளுக்கு நடுநிலை பற்றி ஒருவரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை என்றும் சொன்னேன். உன் சனாதிபதியும் இதைத்தான் செய்தார் என்று ஆரணி வாசித்தாள். அதில் எனக்குப் பிடித்தது, அவர் விட்ட அறிக்கையில் நடுநிலை என்ற சொல்லே இல்லையாம். இருவரோடும் சிநேகமாக இருப்போம் என்றுதான் இருக்கிறதாம். கெட்டிக்காரன். நான் வாயைத் திறந்து நடுநிலை என்று சொன்னதுதான் பிழை. சொன்ன உடனே இருவருக்கும் அளவுகோல் கையில் வந்துவிட்டது. அண்ணை மற்றக் கடைக்கு ஆளனுப்பி ரோல்ஸ் வாங்கி நீளம் பார்த்தார். சித்தப்பா நேரே உன் அப்பாவிடம் போனார். பிரான்சில் இருந்து ஒரு தூதுவர் வந்து, சனாதிபதியைப் பார்க்காமல் ஊர் ஊராகப் போய்ச் சனத்தைத் தன் பக்கம் இழுத்தாராமே, அதே வேலை. என்னைக் கேட்காமல் ஒரு பெட்டி பாகிஸ்தான் மாம்பழத்தோடு வந்து அப்பாவை வளைத்துப் பிடித்தார். அப்பா ஒரு கிழமைக்கு "யோசிச்சுப் பார்த்தால் தம்பியிலை பிழை இல்லை" என்று சொல்லித் திரிந்தார். மாம்பழம் முடிய அந்தக் கொள்கையும் முடிந்தது. அந்தத் தூதுவரை அவருடைய நாடே பிறகு திருப்பிக் கூப்பிட்டது, போனால் தலை போகும் என்று தெரிந்து, அவரைத் திட்டித் தீர்த்த சனாதிபதியே தன் நாட்டில் இருக்க விட்டார் என்ற இடத்தை ஆரணியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். அவனுக்கும் அசைலம் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயே கலியாணமும் கட்டினானாம். அந்த இடம் எனக்கு நல்லாய் விளங்கியது, மகன்.

பிறகு அண்ணை ரோல்ஸ் ஏற்றிப் போகிற என் வானை மறிக்கத் தொடங்கினார். குட்மேய்ஸில் இறக்கிவிட்டுத்தான் நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போவேன். அவர் கடையை விட்டு வெளியே வந்து பின்கதவைத் திறந்து, எது யாருடைய தட்டு என்று பார்ப்பார். ஒருநாள் தோர்ண்டன் ஹீத்துக்குப் போக வேண்டிய மட்டன் ரோல்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். "அண்ணை, அது அங்கை போறது" என்றேன். "நீ எங்கை போனாலும் என்ரை தங்கச்சி. என்ரை தங்கச்சி பொரிச்சது எனக்குத்தான்" என்றார். ஆங்கிலேயர் நடுக்கடலில் அமெரிக்கக் கப்பலை மறித்து, "நீ எங்களிட்டைப் பிறந்தவன், எப்பவும் எங்கட ஆள்தான்" என்று மாலுமிகளைப் பிடித்துக்கொண்டு போனதாக நீ எழுதியிருக்கிறாய். அந்த அத்தியாயத்துக்கு என்னைக் கேட்டிருந்தால் இன்னும் நல்லாய் வந்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தது எனக்கு நானே செய்த அநியாயம். கோபத்தில் இருவருக்கும் ரோல்ஸ் இல்லை என்று நிறுத்திவிட்டேன். என் ரோல்ஸ் இல்லாமல் ஒரு கிழமையில் இரண்டு பேரும் வழிக்கு வருவினம் என்று கணக்குப் போட்டேன். சமைத்து, சுற்றி, பிறீசரில் அடுக்கியிருந்தது நானூறு. ஒரு கிழமை போனது, இரண்டு போனது. அவர்கள் இருவரும் வேறு ஆளிடம் எடுக்கத் தொடங்கினார்கள், அதுவும் ஒரே ஆளிடம். நாங்கள் மூன்று பேரும் காலையும் மாலையும் ரோல்ஸ் சாப்பிட்டோம். நீ அந்த நேரம் ஒருநாள் பாணும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்து ஒளித்து வைத்துச் சாப்பிட்டதை நான் கண்டேன், சொல்லவில்லை. அப்பா பஸ் ஓட்டப் போகும்போது பை பெருத்திருப்பதையும் கண்டேன். பிறகு விசாரித்தால், அவர் அதைச் சித்தப்பாவின் கடைக்குக் கள்ளமாகக் கடத்தியிருக்கிறார். மூன்றாம் கிழமை நானே பழையபடி இரண்டு கடைக்கும் போடத் தொடங்கினேன். உன் புத்தகத்தில் மூன்றாவது சனாதிபதி நான் செய்த அதே வேலையைச் செய்திருக்கிறார். இரண்டு பேருக்கும் பாடம் படிப்பிக்கிறேன் என்று தன் துறைமுகங்களைத் தானே பூட்ட, சொந்தக் கப்பல்கள் கரையில் நின்று உக்க, சொந்தச் சனம் கனடா எல்லையால் சாமான் கடத்தியதாம். ஆரணி வாசித்து முடிய, "படிச்ச மனிசன்தானே இவர்?" என்று கேட்டேன். "கனக்கப் படிச்சவர் மாமி" என்றாள். எனக்குப் பெரிய ஆறுதல்.

இனிக் கலியாண அழைப்புக் காட் கதைக்கு வருவோம். எங்கள் ஆக்கள் கலியாணத்தைத் தபாலில் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய், கதவு தட்டி, கையில் கொடுத்துச் சொல்ல வேண்டும். யார் வீட்டுக்கு முதல் போனாய் என்பதை ஊர் முழுக்க நினைவில் வைத்திருக்கும். யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, சரியாகப் பதினொரு மணி. நான் குட்மேய்ஸில் கதவைத் தட்டுகிறேன், அதே நிமிடம் அப்பா தோர்ண்டன் ஹீத்தில் கதவைத் தட்டுகிறார். இரண்டு பேருக்கும் முதல் காட். அப்பா ரெயினில் போனார், நேரத்துக்கு முந்திப் போய்ச் சேர்ந்துவிட்டார், வாசலில் மழை. சித்தி யன்னலால் கண்டு, "ஏன் நனையிறியள், உள்ளுக்கு வாங்கோ" என்றாளாம். உள்ளே போன மனிசன் காட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருப்பது? பத்து நாற்பதுக்குக் கொடுத்துவிட்டார். சித்தப்பா அதைப் படம் எடுத்து "முதல் காட் எங்கட வீட்டுக்கு" என்று குடும்ப வட்ஸ்அப்பில் போட்டார். சரியாகப் பதினொரு மணிக்கு நான் தட்ட, அண்ணை கதவைத் திறந்தார், கையில் போன். போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த காட்டைப் பார்த்தார். "இரண்டாவது காட் எனக்கு வேண்டாம் தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றார். நான் குடித்துவிட்டு வந்தேன். உன் தாய்மாமன் இல்லாமல் உன் கலியாணம் என்று நினைக்க, வான் ஓட்ட முடியாமல் ரோட்டோரமாக நிப்பாட்டி வைத்துக்கொண்டு இருந்தேன். இதை நான் வீட்டில் சொல்லவில்லை. ரோட்டில் நெரிசல் என்று சொன்னேன்.

இதுவரை சிரிக்கலாம், மகன். இனிச் சொல்லப் போவதும் சிரிப்புக்குத்தான், ஆனால் நீ கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து வாசி. அடுத்த ஞாயிறு நீயும் வீட்டில் இருந்தாய். ஆரணியை மேலே கூட்டிக்கொண்டு போய், மேலறைக்கு நான் புதுப் பெயின்ற் அடித்து வைத்திருந்ததைக் காட்டினேன். நீங்கள் இருவரும் கலியாணத்துக்குப் பிறகு அங்கேதான் இருக்கப் போகிறீர்கள் என்று நானே நினைத்து, நானே நிறம் எடுத்து, நானே அப்பாவை ஏணியில் ஏற்றி அடிப்பித்தது. அவள் வடிவாக இருக்கு மாமி என்றாள். பிறகு மெல்லமாக, "ஆனால் நாங்கள் தனிய ஒரு வீடு பார்க்கலாமெண்டு கதைச்சிருக்கிறம்" என்றாள். நான் உன்னைப் பார்த்தேன். அவளும் உன்னைப் பார்த்தாள். நீ சுவரைப் பார்த்தாய். பிறகு சொன்னாய், "இரண்டு பேர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு." சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்துவிட்டதா என்று பார்க்கக் கீழே போனாய். கேத்தில் போடவே இல்லை.

இப்போது இரண்டாவது குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அந்த நேரம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்தது. மகன் அவள் பக்கம் சாயவில்லை என்று. அந்தச் சந்தோசத்தோடு இரண்டு நாள் திரிந்தேன். அடுத்த ஞாயிறு நீ நூலகம் போக, அவள் வழமைபோல வந்து புத்தகத்தைத் திறந்து வாசித்தாள், ஒரு வித்தியாசமும் இல்லை. ஒரு ரோல்ஸ் கூடத் தொடவில்லை, அதுதான் வித்தியாசம். "ஏன் பிள்ளை சாப்பிடேல்லை?" "பசிக்கேல்லை மாமி." "ரோல்ஸுக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்? உண்மையைச் சொல்லு." புத்தகத்தை மூடிவைத்தாள். "உங்களோடை எனக்குக் கோவமில்லை மாமி. அவர் ஏதாவது ஒண்டு சொல்லியிருக்கலாம். உங்கட பக்கமெண்டாலும் பரவாயில்லை, நான் சண்டை பிடிச்சிருப்பன். அங்கை நிண்டு பார்க்க, அந்த அறையிலை நான் மட்டும்தான் நிண்ட மாதிரி இருந்தது."

அவள் அதைச் சொல்ல, எனக்குத் தோர்ண்டன் ஹீத் பஸ் தரிப்பிடம் ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு இதுவரை சொல்லாத கதை. சித்தப்பா வீட்டுச் சின்ன அறையில் இருந்த காலம், ஒருநாள் உன் பால்போத்தலைச் சுடுதண்ணியில் கழுவிக்கொண்டிருக்க, சித்தி வந்து, "இப்பிடித் தண்ணியைத் திறந்து விட்டால் நாங்கள் என்னத்திலை குளிக்கிறது?" என்றாள். அவளைப் பிழை சொல்ல ஏலாது, ஒரு வீட்டில் ஏழு பேர். நானும் ஏதோ சொன்னேன், அவளும் சொன்னாள். இருவரும் திரும்பி உன் அப்பாவைப் பார்த்தோம். அவர் என்ன சொன்னார் தெரியுமோ? "இரண்டு பேர் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு." அதே சொல், எழுத்துப் பிசகாமல். உனக்கு என்னிடமிருந்து மூக்கு வந்தது, அவரிடமிருந்து இந்த வசனம் வந்தது. நான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் தரிப்பிடத்தில் போய் நின்றேன். மூன்று பஸ் வந்தது, மூன்றையும் விட்டேன். ஏறி எங்கே போவது? நாலாவது பஸ் வர முதல் அப்பா செருப்பு மாறிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். உன்னை வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு அறை பார்த்தார். நல்ல மனிசன், ஆனால் மூன்று பஸ் பிந்தி வருகிற மனிசன். அந்தத் தரிப்பிடத்தில் நின்று நான் நினைத்தது, என் பிள்ளை இப்படி வரக் கூடாது என்று. நீ அப்படியே வந்தபோது நான் சந்தோசப்பட்டேன் பார், அதுதான் வெட்கம்.

நீ மூன்று பஸ் பிந்தி நின்ற நேரம் ஆரணி என்ன செய்தாள் என்று உனக்கு முழுக்கத் தெரியாது. அண்ணையின் விலாசத்தை என்னிடம் வாங்கிக்கொண்டு தனியாகக் குட்மேய்ஸ் போனாள். அவளுக்கு அப்பா இல்லை, அம்மா நோர்வேயில் இருந்து வருகிறா, அவளுடைய மாமாவுக்கு உடம்பு ஏலாமல் கனடாவில் இருந்து வர முடியவில்லை. பெண் பக்கத்தில் தாரைவார்த்துக் கொடுக்க ஒரு தம்பதி வேண்டும். அண்ணைக்கு முன்னால் போய் நின்று, பெண் வீட்டுக் காட்டைக் கையில் கொடுத்து, "இது எங்கட பக்கத்து முதல் காட். இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. நீங்களும் உங்கட வீட்டு மாமியும்தான் என்னைத் தாரைவார்த்துக் குடுக்க வேணும்" என்றாளாம். அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அவன் மாப்பிள்ளை பக்கமோ?" "ஓம், அங்கை அவர் முதல். இங்கை நீங்கள் முதல்." ஒரு கலியாணத்தில் இரண்டு முதல் இருக்கிறது என்பது, ஐம்பது கலியாணத்துக்குப் பலகாரம் செய்த எனக்குத் தெரியவில்லை. அண்ணை ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதோடு நிற்கவில்லை, இப்போது முழுப் பெண்வீட்டுக்காரராக மாறிவிட்டார். நேற்றுப் போன் எடுத்து, "உங்கட பக்கத்து ஆக்கள் நேரத்துக்கு வருவினமோ? காட் குடுக்கிறதே உங்களாலை பிந்தினது" என்று என்னையே கேட்கிறார். சித்தப்பாவும் வருகிறார். ஆனால் ஒருவர் மண்டபத்தின் வலப்பக்கம், மற்றவர் இடப்பக்கம், பேச்சு இல்லை என்று இருவரும் எனக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அதனால் நான் சொல்ல வருவது இதுதான். உன் முதல் சனாதிபதி தன் கடிதத்தில் வெளிநாட்டோடு நிரந்தரக் கூட்டு வேண்டாம் என்று எழுதினார். நாட்டுக்கு அது சரியாக இருக்கலாம். அதிலும் பாதிதான், கடைசியில் அவர்களும் ஆங்கிலேயரோடு அடிபட்டு, சனாதிபதியின் வீடும் எரிந்து, முடிய எல்லாம் பழையபடி என்று கையெழுத்து வைத்ததாக நீயே எழுதியிருக்கிறாய். ஆனால் நீ மூன்று கிழமையில் கையெழுத்து வைக்கப் போவது ஒரு நிரந்தரக் கூட்டு. பெரிய மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் நீ நில்லு, தாராளமாக நில்லு, அதற்கு என் பயிற்சியும் உண்டு. எனக்கும் ஆரணிக்கும் நடுவில் நிற்காதே. அவள் பக்கம் போ. அவள் பிழை என்றால் வீட்டில் போய்க் கதவைப் பூட்டிவிட்டுச் சொல்லு. எனக்குக் கோபம் வரும், இரண்டு நாள் வரும், நான் ரோல்ஸ் அனுப்பாமல் விடுவேன். அது எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று உனக்குத் தெரியும். நியாயம் இரண்டு பக்கமும் எப்போதும் இருக்கும், மகன். நியாயத்தைப் பார்த்துச் சொல்ல நூலகம் இருக்கிறது. பக்கத்தில் வந்து நிற்கத்தான் ஒரு ஆள் வேண்டும்.

மேலறை உனக்கு இல்லை. வீடு பாருங்கள், குளிக்கிற தண்ணி நல்லாய்ச் சுடுகிறதா என்று முதலில் பார். நீ ஒருவேளை மனம் மாறி, அம்மா பாவம் என்று திரும்பி வந்து நிற்பாயோ என்ற பயத்தில், அந்த அறையில் வைக்க இரண்டாவது பிறீசர் ஒன்று வாங்கிவிட்டேன், நெஞ்சளவு உயரம், கலியாணப் பலகாரத்துக்கும் உதவும். இன்று காலை கொண்டுவந்து ஹோலில் வைத்துவிட்டுப் போனார்கள். தூக்க ஆள் கூப்பிடச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவருக்குக் குறை என்று இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பேரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். பெரிய மாமா ஒன்றும் பேசாமல் மேல்பக்கம் பிடித்தார், சித்தப்பா ஒன்றும் பேசாமல் கீழ்ப்பக்கம் பிடித்தார், அப்பா வழிகாட்ட மேலே போனார். படி திரும்புகிற இடத்தில் பிறீசர் இறுகிவிட்டது. இரண்டு பேரும் தள்ளியும் இழுத்தும் பார்த்தார்கள். பிறகு சித்தப்பா, "அண்ணை, கொஞ்சம் உங்கட பக்கம் சரியுங்கோ" என்றார். "நீ முதல் விடு தம்பி" என்றார் பெரிய மாமா. "நீங்கள்தானே மூத்த ஆள், நீங்கள் முதல்." "இல்லை, நீ முதல்." இதை எழுதும்போது மணி ஒன்றரை. அது அசையவில்லை. நீட்டு வயர் போட்டு அங்கேயே ஓன் பண்ணி, ரோல்ஸை அடுக்கிவிட்டேன், வேலை செய்கிறது. சித்தப்பா கீழ்ப்படியிலும் பெரிய மாமா மேல்படியிலும் இருந்து அதன் மேல் தட்டை வைத்துச் சாப்பிடுகிறார்கள். அப்பா இறங்க வழியில்லாமல் மேலே நிற்கிறார். இரண்டு மணிக்கு அவருக்கு ஷிப்ட்.

அம்மா